அட்டையில் இல்லாத பெயர்கள்

எண்பதுகளின் நடுப்பகுதியில் மதுரையில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த எங்கள் நால்வருக்கும் மேற்கத்திய பாப், ராக் பாடல்கள் வந்து சேர்ந்த வழி மிகக் குறுகலானது. சிற்றலையில் பிபிசி உலக சேவை ஒன்று. அலை ஏறி இறங்குவதில் பாதிப் பாட்டு காற்றோடு போய்விடும். மற்றொன்று, ஒலிநாடாவில் பாட்டுப் பதிந்து தரும் கடை. அத்தகைய கடைகள் நகரில் பல இருந்தன என்றாலும் ஆங்கிலப் பாடல்கள் ஓரளவு வைத்திருந்தது எங்களுக்குத் தெரிந்து ஒரு கடைதான். அறுபது நிமிட வெற்று நாடாவையும் பாடல்களின் பட்டியலையும் கொடுத்துவிட்டு வந்தால் நான்கு நாட்களில் பதிந்து கிடைக்கும். நாடாவின் அட்டையில் கடைக்காரர் நீலப் பேனாவால் பாட்டின் முதற்சொற்களை எழுதித் தருவார். இடமிருந்தால் பாடியவர் பெயரையும் எழுதுவார். அதற்கு மேல் அந்த அட்டையில் இடமில்லை. எங்களுக்கும் அது ஒரு குறையாகப் பட்டதில்லை.

பட்டியல் தயாரிக்கும்போது நடக்கும் சண்டைகள் தனிக்கதை. பக்கத்துக்குப் பத்துப் பாட்டு வீதம் இருபது பாடல்களை நால்வர் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். ஒருவனுக்குப் பீட்டில்ஸைத் தவிர மற்றதெல்லாம் இரைச்சல். இன்னொருவன் கிரீடென்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல் குழுவின் பக்தன். மூன்றாமவனுக்குக் கார்பெண்டர்ஸ். நான்காமவன் அன்றைக்குப் புதியவரான பில் காலின்ஸை முன்னிறுத்தி எங்களையெல்லாம் கிழவர்கள் என்று கேலி செய்வான். இவற்றுள் மிக நீண்ட சண்டை 'ப்ளீஸ் மிஸ்டர் போஸ்ட்மேன்' என்ற பாட்டைப் பற்றியது. கார்பெண்டர்ஸ் பாடி 1975இல் அமெரிக்காவில் முதலிடம் பெற்ற பாட்டு அது. பீட்டில்ஸ் 1963லேயே தங்கள் இரண்டாவது இசைத்தொகுப்பில் அதைப் பாடிவிட்டார்கள். யாருடையது மூலம், யாருடையது நகல் என்று மாதக்கணக்கில் வாதிட்டோம்.

இருவர் கட்சியும் தோற்றது. அந்தப் பாட்டு 1961இல் மார்வெலெட்ஸ் என்ற பெண்கள் குழு பாடியது என்பதை ஓர் உறவினர் வீட்டிலிருந்த பழைய இசைத்தட்டின் உறையில் படித்தோம். பிறகு மற்ற இருவரின் கட்சியும் ஆட்டம் காணத் தொடங்கியது. கிரீடென்ஸ் குழு 1970இல் பதினோரு நிமிடத்துக்கு நீட்டி வாசித்த 'ஐ ஹேர்ட் இட் த்ரூ த கிரேப்வைன்' பாட்டை அதற்கு முன்பே கிளாடிஸ் நைட் 1967லும், மார்வின் கே 1968லும் பாடி வெளியிட்டிருந்தார்கள். பில் காலின்ஸ் 1982இல் பாடிய 'யூ கான்ட் ஹரி லவ்' சுப்ரீம்ஸ் குழு 1966இல் பாடியது. எங்கள் நால்வரின் பிரியமான பாடல்களும் ஒரே ஊரிலிருந்து, இன்னும் சரியாகச் சொன்னால் அந்த ஊரின் ஒரே வீட்டிலிருந்து கிளம்பி வந்தவை. நாங்கள் அவற்றைத் தலைகீழாக, கடைசி வாசலிலிருந்து முதல் வாசலை நோக்கிக் கேட்டுக்கொண்டு போயிருக்கிறோம்.

அந்த ஊர் டெட்ராய்ட். வீடு, மேற்கு கிராண்ட் பூல்வார்ட், 2648ஆம் எண். மோடவுன் நிறுவனத்தின் வரலாறு பலமுறை சொல்லப்பட்டதுதான். பெர்ரி கோர்டி குத்துச்சண்டை போட்டவர். ஜாஸ் தட்டுகள் விற்கும் கடை வைத்து நஷ்டப்பட்டவர். லிங்கன்-மெர்குரி கார்த் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். குடும்பச் சேமிப்பிலிருந்து 800 டாலர் கடன் வாங்கி 1959இல் இசைத்தட்டு நிறுவனம் தொடங்கினார். மோட்டார் நகரம் என்று டெட்ராய்டுக்கு வழங்கிய பட்டப்பெயரின் சுருக்கமே மோடவுன். சட்டகமாக உள்ளே நுழையும் இரும்பு மறுமுனையில் காராக வெளியே வருவதைத் தொழிற்சாலையில் பார்த்தவர், பாட்டையும் அப்படிச் செய்யலாம் என்று நினைத்தார். பாடலாசிரியர்கள் ஓர் அறையில், பாடகர்களுக்கு நடை உடை பயிற்றுவோர் இன்னோர் அறையில், ஒலிப்பதிவு மற்றோர் அறையில். வெள்ளிக்கிழமைதோறும் தரப் பரிசோதனைக் கூட்டம். கையில் கடைசி டாலர் இருந்தால் இந்தத் தட்டை வாங்குவீர்களா, சாண்ட்விச் வாங்கித் தின்பீர்களா என்பது அந்தக் கூட்டங்களின் புகழ்பெற்ற கேள்வி.

ஒலிப்பதிவு நடந்த இடம் வீட்டின் பின்புறத்துச் சிறிய கூடம். கூரையிலிருந்து கம்பிகள் தொங்கிக்கொண்டிருந்ததால் அதற்குப் பாம்புக்குழி என்று பெயர். நாளொன்றுக்கு இருபத்திரண்டு மணி நேரம் அங்கே வேலை நடந்ததாகச் சொல்வார்கள். எதிரொலி வேண்டுமென்றால் அதற்கென்று இருந்த பரண் அறைக்குள் ஒலியைச் செலுத்தி, அங்கே மோதி வருவதைப் பதிந்துகொண்டார்கள். கையில் கிடைத்ததெல்லாம் வாத்தியம். 'நோவேர் டு ரன்' பாட்டில் கேட்கும் உலோகச் சலசலப்பு, பனிக்காலத்தில் கார்ச் சக்கரங்களில் கட்டும் சங்கிலியை ஆட்டி எழுப்பியது. 'வேர் டிட் அவர் லவ் கோ'வின் தொடக்கத்தில் கைத்தட்டல்போல் கேட்பது பலகைகளைக் காலால் மிதித்த ஓசை. அன்றைய இளைஞர்கள் பாட்டுக் கேட்டது காரின் வானொலியில் என்பதால், முடிந்த பாட்டைச் சிறிய ஒலிபெருக்கியில் ஒருமுறை போட்டுக் கேட்டு உறுதி செய்துகொள்வார்களாம். மதுரையில் எங்கள் ஓட்டை டேப் ரெக்கார்டரிலும் அந்தப் பாடல்கள் முழுசாகக் கேட்டதன் காரணம் இது என்று இப்போது தோன்றுகிறது.

பாம்புக்குழியில் அநேகமாக எல்லாப் பாட்டுக்கும் வாசித்தவர்கள் ஒரே குழுவினர். தங்களை ஃபங்க் பிரதர்ஸ் என்று அழைத்துக்கொண்டார்கள். பியானோவில் ஜோ ஹண்டர், அவருக்குப் பின் ஏர்ல் வான் டைக், ஜானி கிரிஃபித். கிட்டாரில் ராபர்ட் வைட், எட்டி வில்லிஸ், ஜோ மெஸ்ஸினா. டிரம்ஸில் பென்னி பெஞ்சமின், பிஸ்டல் ஆலன், யூரியல் ஜோன்ஸ். கஞ்சிராவை ஒத்த டம்பரினில் ஜாக் ஆஷ்ஃபோர்ட். பாஸ் கிட்டாரில் ஜேம்ஸ் ஜேமர்சன். இவர்களில் பலர் கார்த் தொழிற்சாலைகளை நம்பித் தென்மாநிலங்களிலிருந்து வடக்கே பெயர்ந்து வந்த கறுப்பினக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். மெஸ்ஸினா போல வெள்ளையரும் இருந்தார்கள். பெரும்பாலோர் மனத்தளவில் ஜாஸ் கலைஞர்கள். பகலில் மூன்று நிமிடப் பாட்டுக்கு வாசித்துவிட்டு இரவில் மது விடுதிகளில் தங்களுக்குப் பிடித்ததை விடிய விடிய வாசித்தார்கள். அந்த இரவின் மிச்சம்தான் மறுநாள் பகலில் பாப் பாட்டுக்குள் இறங்கியது.

ஜேமர்சனைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தென் கரோலினாவின் கடலோரத்தில் பிறந்து 1954இல் டெட்ராய்டுக்கு வந்தவர். பள்ளியில் கற்றுக்கொண்டது ஆளுயர டபிள் பாஸ். பிறகு மின் கிட்டாருக்கு மாறியபோதும் அந்தப் பழைய பழக்கத்தின்படி வலக்கையின் ஆள்காட்டி விரல் ஒன்றால் மட்டுமே வாசித்தார். அந்த விரலுக்கே கொக்கி என்று பெயர் வந்தது. தந்தி அறுந்தாலொழிய மாற்றமாட்டார். அழுக்கில்தான் நாதம் இருக்கிறது என்பது அவர் கட்சி. அவருக்கு முன்னால் பாப் பாட்டில் பாஸ் கிட்டாரின் வேலை பெரும்பாலும் ஆதார சுரத்தையும் பஞ்சமத்தையும் மாறி மாறி ஊன்றிக் காட்டுவதோடு முடிந்துவிடும். வீட்டுக்கு அஸ்திவாரம்போல, இருக்க வேண்டும், தெரிய வேண்டியதில்லை. ஜேமர்சன் அதை நடக்க வைத்தார். பாடகர் மூச்சு வாங்கும் இடைவெளியில் புகுந்து, தாளத்தின் அடிக்கு ஒரு மயிரிழை முன்னேயோ பின்னேயோ விழுந்து, அந்நிய சுரங்களைத் தொட்டுக்கொண்டு வீடு திரும்பும் ஒரு தனிப் பாட்டாக அது மாறியது. ஃபோர் டாப்ஸ் குழுவின் 'பெர்னடெட்' பாட்டைப் பாடகரை மறந்துவிட்டு ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம். அடியில் இன்னொரு பாட்டு ஓடிக்கொண்டிருப்பது புரியும். எங்கள் சண்டைக்குக் காரணமான மூன்று பாடல்களின் மோடவுன் வடிவங்களிலும் பாஸ் வாசித்தவராக இன்று குறிக்கப்படுவது அவர் பெயரே. பீட்டில்ஸின் பால் மெக்கார்ட்னி தம் ஆதர்சம் ஜேமர்சன் என்று சொன்னவர். ஆனால் வெகுகாலம் அவருடைய பெயர் தமக்குத் தெரியாது என்றும் சொன்னவர்.

மெக்கார்ட்னிக்கே தெரியாதபோது எங்களுக்கு எப்படித் தெரிந்திருக்கும்? மோடவுன் தட்டுகளின் உறைகளில் வாத்தியக்காரர்களின் பெயர்கள் அச்சிடப்படவில்லை. போட்டி நிறுவனங்கள் ஆட்களைக் கொத்திக்கொண்டு போய்விடும் என்ற அச்சம் ஒரு காரணம். அச்சம் பொய்யல்ல. 1967இல் ஜாக்கி வில்சன் சிகாகோவில் வேறொரு நிறுவனத்துக்குப் பாடிய 'ஹையர் அண்ட் ஹையர்' பாட்டுக்கு ஃபங்க் பிரதர்ஸில் சிலர் ரகசியமாகப் போய் வாசித்துவிட்டு வந்திருக்கிறார்கள். மற்றொரு காரணம், பாட்டு என்பது பாடகருடைய முகம் என்ற வியாபார நியாயம். இது மோடவுனுக்கு மட்டும் உரிய பாவமும் அன்று. லாஸ் ஏஞ்சல்ஸில் பீச் பாய்ஸ் முதலிய எத்தனையோ குழுக்களின் தட்டுகளுக்கு வாசித்த ஹால் பிளெய்ன், கேரல் கே போன்றோரின் பெயர்களும் அன்று பல தட்டுகளில் அச்சாகவில்லை. ஆனால் பெயர் எழுதாமல் விட்டதன் விளைவு பின்னால் தெரிந்தது. எந்தப் பாட்டில் யார் வாசித்தார் என்று பல ஆண்டுகள் கழித்து வழக்கு மூண்டபோது, தீர்ப்புச் சொல்ல ஒரு துண்டுக் காகிதம் இல்லாத பாடல்கள் நிறைய இருந்தன.

முதல்முறையாக ஒரு பெரிய மோடவுன் இசைத்தொகுப்பின் உறையில் அவர்கள் பெயர்கள் வந்தது 1971இல், மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' தொகுப்பில். மார்வின் கே தாமே டிரம்ஸ் வாசித்துக் காலம் தள்ளியவர். மார்வெலெட்ஸின் அந்தப் போஸ்ட்மேன் பாட்டில் டிரம்ஸ் வாசித்தது அவர்தான். வாத்தியக்காரனின் நிலை அவருக்குத் தெரிந்திருந்தது. அந்தத் தொகுப்பின் தலைப்புப் பாட்டை ஜேமர்சன் நிதானமில்லாத நிலையில் தரையில் மல்லாந்து படுத்தபடி வாசித்தார் என்று ஒரு கதை உண்டு. கதை எப்படியிருந்தாலும் பாட்டில் அந்தத் தள்ளாட்டத்தின் சுவடே இல்லை.

அதற்குள் டெட்ராய்ட் மாறிவிட்டிருந்தது. 1967 ஜூலையில் நகரில் மூண்ட கலவரத்தில் 43 பேர் மாண்டார்கள். பென்னி பெஞ்சமின் 1969இல் இறந்தார். 1972இல் மோடவுன் நிறுவனம் லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் குடிபெயர்ந்தது. அன்றைக்கு வேலைக்கு வந்த வாத்தியக்காரர்கள் ஒலிப்பதிவு இல்லை என்ற அறிவிப்பைக் கதவில் பார்த்துத்தான் செய்தியை அறிந்துகொண்டதாகச் சொல்லியிருக்கிறார்கள். நாடு முழுவதையும் ஆட வைத்தவர்களுக்கு நேர்ந்த பிரிவுபசாரம் அவ்வளவுதான். ஜேமர்சன் போன்ற சிலர் பின்தொடர்ந்து மேற்கே சென்றார்கள். புதிய ஊரில் பழைய வாசிப்புக்குத் தேவை குறைந்துகொண்டே போனது; மது கூடிக்கொண்டே போனது.

1983 மார்ச்சில், நிறுவனத்தின் இருபத்தைந்தாம் ஆண்டுக் கொண்டாட்டம் கலிஃபோர்னியாவின் பசடினா நகரில் நடந்தது. அந்த நிகழ்ச்சியை வீடியோ கேசட்டில் நாங்களும் பார்த்திருக்கிறோம். மைக்கேல் ஜாக்சன் முதன்முதலாக மேடையில் பின்னோக்கி வழுக்கி நடந்தது அந்த இரவில்தான். கேசட்டை நிறுத்தி நிறுத்தி அந்த ஒரு நடையை மட்டும் பத்து முறை பார்த்தோம். அதே அரங்கில், தாமே சீட்டு வாங்கிக்கொண்டு, மாடத்து இருக்கையில் ஒருவராக ஜேமர்சன் உட்கார்ந்திருந்தார் என்பதைப் பின்னாளில் படித்தபோது எங்களுக்கு வெட்கமாக இருந்தது. நாங்கள் வெட்கப்பட நியாயமில்லை, ஆனாலும் இருந்தது. அவ்வாண்டு ஆகஸ்ட் 2ஆம் தேதி, 47ஆம் வயதில் அவர் இறந்தார். அவருடைய பாஸ் கிட்டார் அதற்குச் சில நாட்களுக்கு முன்புதான் களவு போயிருந்தது.

பெயர்கள் திரும்பி வந்ததற்கு ஒரு ரசிகர் காரணம் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். ஆலன் ஸ்லட்ஸ்கி என்ற கிட்டார்க் கலைஞர் ஜேமர்சனின் வாசிப்பைச் சுரம் சுரமாக எழுதி, அவர் வாழ்க்கையையும் சேர்த்து 1989இல் ஒரு புத்தகமாக வெளியிட்டார். அதன் தொடர்ச்சியாக 2002இல் பால் ஜஸ்ட்மன் இயக்கத்தில் 'ஸ்டாண்டிங் இன் த ஷேடோஸ் ஆஃப் மோடவுன்' என்ற ஆவணப்படம் வந்தது. பீட்டில்ஸ், எல்விஸ் பிரெஸ்லி, ரோலிங் ஸ்டோன்ஸ், பீச் பாய்ஸ் ஆகியோர் சேர்ந்து பெற்ற முதலிடங்களைவிட அதிகமான முதலிடப் பாடல்களில் வாசித்தவர்கள் இவர்கள் என்கிறது படம். பிஸ்டல் ஆலனும் ஜானி கிரிஃபித்தும் அதே 2002இல் இறந்தார்கள். 2000இல் ஜேமர்சனுக்கு ராக் அண்ட் ரோல் புகழ்க்கூடத்தில் இடம் கிடைத்தது. 2004இல் குழுவுக்குக் கிராமியின் வாழ்நாள் சாதனை விருது. பெற்றுக்கொள்ளப் பலர் உயிருடன் இல்லை.

அந்தப் படத்தில் வரும் ஒரு சிறு சம்பவத்தை மறக்க முடியவில்லை. 'மை கேர்ள்' பாட்டை அறியாத பாப் ரசிகர் இருக்க முடியாது. டெம்ப்டேஷன்ஸ் குழு பாடி 1965இல் முதலிடம் பெற்றது. அந்தப் பாட்டை முணுமுணுக்கச் சொன்னால் பலரும் சொற்களில் தொடங்குவதில்லை. முதலில் வரும் கிட்டாரைத்தான் வாயால் வாசிக்கிறார்கள். ஆறு சுரங்கள். ச, ரி, க, ப, த, மேல் ச. நம் மோகனத்தின் ஆரோகணம் அப்படியே. பிறகு மத்திமத்தை ஆதாரமாக வைத்து அதே படி மறுபடி ஏறுகிறது. ஐந்து சுர ஏணி உலகத்தில் எல்லா மக்களுக்கும் பொது என்பதால் இதில் வியப்பில்லை. ஆனால் எங்களில் கர்நாடக இசை பயின்ற ஒருவன், தான் முதன்முதலாக ஓர் ஆங்கிலப் பாட்டுக்குள் நுழைந்தது அந்த ஆறு படிகளில் ஏறித்தான் என்று சொல்லுவான். அந்தப் படிகளைக் கட்டியவர் ராபர்ட் வைட். பல ஆண்டுகளுக்குப் பிறகு ஓர் உணவகத்தில் அவர் உட்கார்ந்திருக்கும்போது அந்தப் பாட்டு ஒலிக்கிறது. பணியாளரிடம், இதை வாசித்தது நான்தான் என்று சொல்ல வாயெடுத்தவர், சொல்லாமல் நிறுத்திக்கொண்டு சாப்பாட்டுக்கு மட்டும் சொல்லிவிடுகிறார். சொன்னால் கிழட்டுப் பிதற்றல் என்று நினைத்திருப்பார்கள் என்பது அவர் எண்ணம். 1994இல் அவர் இறந்தார். ஆவணப்படத்தை அவர் பார்க்கவில்லை.

இதைப் படிக்கும்போது நம் திரையிசையை நினைக்காமல் இருக்க இயலவில்லை. அறுபதுகளின் பாடல்களைக் கவிஞர் பெயரோடும் இசையமைப்பாளர் பெயரோடும் ஒப்பிக்கும் நாம், எம்.எஸ். விசுவநாதன் இசையில் அக்கார்டியன் வாசித்த மங்களமூர்த்தியையோ, கிட்டார் வாசித்த பிலிப்ஸையோ எத்தனை முறை நினைத்திருப்போம்? இளையராஜாவின் பாடல்களில் பாஸ் கிட்டார் தனிப் பாட்டாக நடப்பதைச் சிலாகித்து எழுதாத இசை ரசிகர் இல்லை. அதை வாசித்த சசிதரனின் பெயர், டிரம்ஸ் வாசித்த புருஷோத்தமனின் பெயர், கிட்டார் வாசித்த சதானந்தத்தின் பெயர் படத்தின் எழுத்துகளிலோ தட்டின் உறையிலோ எவ்வளவு தூரம் வந்தன? இசையமைப்பாளரின் கற்பனை அவருடையதே, அதில் ஐயமில்லை. எழுதப்பட்ட சுரத்துக்கு உயிர் எங்கிருந்து வருகிறது என்பது வேறு கேள்வி.

பழைய பாட்டு நினைவில் நிற்கிறது என்று நாம் சொல்லிக்கொள்ளும்போது நிற்பது எது? பெரும்பாலும் அது ஒரு தொடக்க இசை, இரண்டு வரிகளுக்கு இடையே ஒரு விரல் புகுந்து வெளியேறிய விதம், டிரம்ஸின் ஓர் உருட்டல். அவற்றைச் செய்தவர்களைத்தான் நாம் முதலில் மறந்திருக்கிறோம். மறந்தோம் என்பதுகூடச் சரியல்ல. நமக்கு அவர்களைச் சொல்லவே இல்லை. அறிந்த பிறகும் கேட்காமலிருந்தால் அதுதான் மறதி. அறிந்ததால் பாட்டின் இன்பம் குறைந்துவிடவில்லை என்பதையும் எங்கள் அனுபவத்தில் சொல்லலாம். முன்பு ஒரு பாட்டில் ஒரு குரலைக் கேட்டோம்; இப்போது ஓர் அறை நிறைய மனிதர்களைக் கேட்கிறோம்.

அன்றைய நாடாக்களில் ஒன்று எங்களில் ஒருவன் வீட்டில் இன்னும் இருக்கிறது. போட்டுக் கேட்கக் கருவி இல்லை, நாடாவும் ஒட்டிக்கொண்டுவிட்டது. சென்ற முறை நால்வரும் கூடியபோது அதன் அட்டையை எடுத்துப் பார்த்தோம். கடைக்காரரின் நீல எழுத்து வெளிறிப்போய் இருந்தது. கார்பெண்டர்ஸ் பக்தனாக இருந்தவன் பேனாவை எடுத்து, வாசித்தவர்களின் பெயர்களை அதில் எழுத முயன்றான். மூன்று பெயர்களுக்கு மேல் இடம் போதவில்லை. ஒரு துண்டுத்தாளில் மற்றவற்றையும் எழுதி, மடித்து, பெட்டிக்குள் வைத்து மூடினோம்.